லிஸ்டில் பெயர் இல்லாத கூட்டங்கள்: குருமார்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகர குருமார்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற மாதம் எங்கள் சேகரத்தில் (ஒரே குருவின் கீழுள்ள சபைகளின் வட்டாரத்தில்) கள்ள உபதேச எச்சரிப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. நல்ல காரியம். வெளியூரிலிருந்து வந்த போதகர் இரண்டரை மணி நேரம் பேசினார். திரித்துவத்தை மறுக்கிறவர் யார், ஞானஸ்நானத்தைப் புரட்டுகிறவர் யார், பரலோகம் போகிறவர் 1,44,000 பேர்தான் என்று கணக்குச் சொல்கிறவர் யார் என்று ஸ்லைடு போட்டு வரிசையாகக் காட்டினார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முடிந்து சுண்டலும் காபியும் கொடுக்கும்போது வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், இந்த லிஸ்ட்ல பேர் இல்லாத கூட்டம்னா போகலாமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

31 வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். இதே மாதிரி லிஸ்டைக் கரும்பலகையில் நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். என் தங்கை மகள் அதை மனப்பாடமாகச் சொல்லுவாள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, சிறு தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரும் வரிசை மாறாமல். வேதபாடத் தேர்வில் பரிசு வாங்கினவள். அவள்தான் மாட்டிக்கொண்டாள்.

அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் கேளுங்கள். நர்சிங் முடித்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை நைட் டூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து படுத்தால், எழும்போது எந்த ஆலயத்திலும் ஆராதனை இருக்காது. ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. ஊரில் அவள் பெயர் சபை ரிஜிஸ்டரில் இருந்தது, சங்கக் காணிக்கையைத் தங்கை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு காய்ச்சல் சமயத்தில் கூட வேலை பார்க்கிற பெண் ரசமும் சாதமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம், "ஒரு சின்ன பைபிள் ஸ்டடி, போன்லதான்" என்றிருக்கிறாள். பிறந்தநாளுக்கு எட்டுப் பேர் ஹாஸ்டல் வாசலில் நின்று பாடியிருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் தப்பான உபதேசம் ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை. லிஸ்டில் நாம் போட்டதெல்லாம் அங்கே ஏழாம் மாதத்துக்கு மேல்தான் வரும். அதற்குள் அந்த எட்டுப் பேரைத் தவிர அவளுக்கு ஆள் இல்லை.

பிறகு, "இதை வீட்டில் சொல்லாதே, அவர்கள் கண் இன்னும் திறக்கப்படவில்லை" என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு நோட்டு. 80 பக்கம் கோடு போட்ட நோட்டு, பெட்டிக்கடையில் கிடைப்பதுதான். அன்றன்றைக்கு மனதில் வந்த பாவ நினைவுகளை எழுதி, சனிக்கிழமைதோறும் 'ஆவிக்குரிய அக்கா'விடம் காட்ட வேண்டும். அந்த நோட்டை நான் பார்த்தேன். ஒரு பக்கத்தில், 'இன்று அம்மாவிடம் பேச ஆசைப்பட்டேன். ஆண்டவரே, மன்னியும்' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு டிக். ஆயுசு முழுக்கச் சிவப்பு மையில் டிக் போட்டவள் நான். அதைப் பார்த்த கண்ணுக்கு அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை.

இனி உங்களிடம் சொல்ல வந்தது. ஒரு கூட்டம் என்ன போதிக்கிறது என்று பார்ப்பது அவசியம்தான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அந்தக் கூட்டம் ஆட்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை. கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது? போகிறேன் என்று ஒருவன் எழுந்தால் என்ன நடக்கிறது? யோவான் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவரை விட்டு ஒரு கூட்டமே போய்விடுகிறது. அவர் பின்னாலே ஓடவில்லை, சபிக்கவில்லை. மிச்சமிருந்த பன்னிரண்டு பேரையும் பார்த்து, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைத் தன் ஆட்களிடம் கேட்க முடியாத எந்த ஊழியக்காரனும் எனக்குச் சந்தேகத்துக்குரியவன்தான், அவன் உபதேசம் எத்தனை சுத்தமாக இருந்தாலும்.

லிஸ்ட் ஏன் போதாது என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். லீ மான்-ஹீ என்பவர் 1984-ல் தொடங்கிய சின்சொன்ஜி என்ற கூட்டம் அங்கே எல்லாச் சபைகளுக்கும் தெரிந்த பெயர். பல ஆலய வாசல்களில் 'சின்சொன்ஜிக்காரர்கள் உள்ளே வரக்கூடாது' என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். என்ன பிரயோஜனம்? அவர்கள் அந்தப் பெயரோடு வருவதில்லை. சாதாரண விசுவாசியாகச் சபையில் சேருவார்கள், பாடகர் குழுவில் நிற்பார்கள், தனிமையாயிருக்கிறவரைப் பார்த்து வைத்து இலவச வேதபாட வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். மாதக்கணக்கில் படித்த பிறகுதான் அது எந்தக் கூட்டம் என்று தெரியவரும். 2020 பிப்ரவரியில் தேகு நகரத்தில் கொரோனா பரவியபோது, அந்தக் கூட்டத்தோடு தொடர்புடையவர்களில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருந்தது. சுகாதாரத்துறை தேடிப்போனபோது, தாங்கள் அங்கே போவதைச் சொந்தக் குடும்பத்துக்கே சொல்லாதவர்கள் அநேகர். தலைவர் டிவி முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டி, அப்பனுக்குத் தெரியாமல் மகன் என்று ஒரு சபை நடந்தால், அதன் விசுவாசப் பிரமாணத்தை வாங்கிப் பார்க்கவே வேண்டியதில்லை. அந்த ரகசியம் போதும்.

'படிப்பில்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள்' என்று அன்றைய கூட்டத்தில் மூப்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு ஜோன்ஸ்டவுனைச் சொல்ல வேண்டும். ஜிம் ஜோன்ஸ் 1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் சபை தொடங்கியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் அது. ஏழைகளுக்குச் சாப்பாடு, முதியோருக்குக் கவனிப்பு என்று அங்கே நடந்தது. நானும் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் வீட்டையும் பென்ஷனையும் எழுதிக்கொடுத்துவிட்டு ஜனங்கள் அவர் பின்னால் தென் அமெரிக்காவின் கயானாக் காட்டில் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்புக்குப் போனார்கள். 1978 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் நிலைமையைப் பார்க்க வந்தார். விருந்தும் பாட்டுமாக நடந்துகொண்டிருந்தபோது, கூட வந்த செய்தியாளர் கையில் யாரோ ஒரு சீட்டைத் திணித்தார்கள். எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அதில் இருந்தது. மறுநாள் ஒரு சில பேர் ரயனோடு கிளம்பினார்கள். கிளம்பினதற்காகவே ஜோன்ஸின் ஆட்கள் விமானத்தளத்தில் சுட்டார்கள், ரயன் செத்தார். அன்று மாலை, நவம்பர் 18, விஷம் கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். அன்று மொத்தம் 918 பேர் இறந்தார்கள். அதில் பிள்ளைகள் மட்டும் 300 பேருக்கு மேல்.

அந்தக் கடைசிக் கூட்டத்தின் ஒலிப்பதிவு நாடா கிடைத்திருக்கிறது. அதில் 60 வயதை ஒட்டிய கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்ணின் குரல் கேட்கிறது. அவர் மட்டும் எழுந்து நின்று கேட்கிறார். வேறு நாட்டுக்குப் போக முடியாதா, இந்தப் பச்சைப் பிள்ளைகள் வாழ வேண்டியவர்கள் இல்லையா என்று. சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் கேட்கிறார். அவர் வாயை அடைத்தது ஜோன்ஸ் மட்டுமென்றால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சுற்றியிருந்த ஜனம் கத்தி அடைத்தது. அவரோடு சேர்ந்து சமைத்தவர்கள், பாடினவர்கள்.

குருமார்களாகிய ஐயர்மாரே, நம் சேகரக் கமிட்டியில் வரவுசெலவைப் பற்றி ஒரு பெண் எழுந்து கேட்டால் யார் முதலில் "உக்காருங்க" என்று சொல்கிறார்கள்? நீங்கள் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர்தான்.

கென்யாவில் நடந்தது இன்னும் பழசாகவில்லை. மலிந்தி பக்கம் ஷகஹோலா காட்டில் 2023 ஏப்ரலிலிருந்து தோண்டத் தோண்டப் பிணம் வந்தது, 400-க்கும் மேல். அங்கே கூட்டம் நடத்தியவர் பால் மெக்கென்சி, முன்னாள் டாக்சி ஓட்டுநர். ஆண்டவரைச் சந்திக்கப் பட்டினி கிடந்து சாகச் சொன்னார் என்பது வழக்கு. பிள்ளைகள்தான் முதலில் பட்டினி போடப்பட்டார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். அதற்கு முன்னால் பல வருஷம் அவர் பிரசங்கித்தது என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே, ஆஸ்பத்திரிக்குப் போகாதே, அரசாங்க அடையாள எண் மிருகத்தின் முத்திரை. இதில் எதுவாவது நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் கேட்காத பேச்சா? ஆதார் வந்தபோது கேட்டேன், தடுப்பூசி வந்தபோதும் கேட்டேன். பேசினவர்கள் கொலைகாரர்கள் என்று நான் சொல்லவில்லை, அதில் பாதிப்பேர் என் வீட்டில் காபி குடித்தவர்கள். ஆனால் சுகர் மாத்திரையை விசுவாசத்தால் நிறுத்தினேன் என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது நாம் அல்லேலூயா சொல்லி உட்கார்ந்திருக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

கர்த்தர் வருகிற நாளைக் குறிக்கிற வியாதி வெளிநாட்டுச் சரக்கு என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, வித்வான்குட்டி என்று பெயர் பெற்றவர், மலையாளச் சபைகள் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர். 1870-களின் எழுப்புதலில் முன்னால் நின்றார். ஐந்தரை வருஷத்தில், 1881-ல், கர்த்தர் வந்துவிடுவார் என்று அவர் கூட்டம் அறிவித்தது. ஜனங்கள் 'அஞ்சரை வேதக்காரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாள் வந்தது, போனது. கூட்டம் கலைந்ததா? புது விளக்கம், புதுப் பெயர் என்று தொடர்ந்தது. நல்ல மனுஷர், தாலந்துள்ளவர், இது அவருக்கே நடந்தது. உபாகமம் 18-ல் இதற்குச் சட்டம் இருக்கிறது: சொன்னது நடக்காமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்". இந்தக் கடைசி மூன்று வார்த்தைக்கு நம் பிரசங்கபீடங்களிலிருந்து பிரசங்கம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

கேட்டதெல்லாம் இன்னொரு வசனம். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." சங்கீதம் 105. என் தங்கை மகள் தான் மாட்டிக்கொண்ட கூட்டத்தில் முதன்முதலாகப் பணத்தைப் பற்றிக் கேட்டபோது இதைத்தான் அவள் முகத்தில் எறிந்தார்கள். அவளுக்கு அது பழக்கமான வசனம். நம் ஆலயத்திலேயே கேட்டு வளர்ந்தவள்தானே, உடனே அடங்கிவிட்டாள். அதற்கு முந்தின வசனங்களை வாசியுங்கள். கொஞ்சப்பேராய், பரதேசிகளாய், ஊர் ஊராய்த் திரிந்த ஆபிரகாம் வீட்டாரைப் பற்றி ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிப்பு அது. எளியவனுக்காக ராஜாவைக் கடிந்துகொண்ட வசனத்தை ராஜாக்களே எடுத்து எளியவன் வாயில் திணிக்கிறார்கள். இந்தப் புரட்டைப் பிரசங்கபீடத்திலிருந்து நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். நான் ஞாயிறு பள்ளியில் சொன்னால், "டீச்சருக்கு என்ன கோபம்" என்கிறார்கள்.

'தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால்' என்ற வசனமும் இப்படித்தான். அதைச் சொல்லி அவளை அப்பாவின் ஆபரேஷனுக்குக்கூட அனுப்பவில்லை. அதே ஆண்டவர் மாற்கு 7-ல், அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் காணிக்கைப் பெட்டியில் போடச் சொன்னவர்களை என்ன பாடு படுத்தினார் என்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வசனத்தை வைத்துப் பார்க்க நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மனப்பாடம் பண்ணத்தான் கற்றுக்கொடுத்தேன்.

ஒரு ஜாக்கிரதையும் சொல்லியாக வேண்டும். நமக்குப் பிடிக்காதவர்களையெல்லாம் கள்ள உபதேசக்காரர் என்று சொல்லிப் பழகினவர்கள் நாம். கைதட்டிப் பாடினதற்கே பெந்தெகொஸ்தே சபைக்காரர்களை எங்கள் தெருவில் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கும் முன்னால், பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-ல் ஐரோப்பிய மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கியபோது மிஷன் அவர்களைப் பேசாத பேச்சில்லை. அவர்களுக்கு மானப் பிரச்சினை இருந்தது, நியாயம் இருந்தது. தனியாகப் போகிறவன், வேறுமாதிரி ஆராதிக்கிறவன் எல்லாம் ஆபத்தானவன் இல்லை. நாம் கண்டபடி 'புலி வருது' சொன்னதால்தான், நிஜப் புலி வந்தபோது என் தங்கை மகள், "உங்களுக்கு எல்லாரும் கள்ள உபதேசம்தான் பெரியம்மா" என்று போனை வைத்தாள்.

அவள் திரும்பி வந்த கதை சின்னது. என் தங்கை ஒரு நாளும் உபதேசச் சண்டை போடவில்லை (நான் போட்டேன், அதனால் மகள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள்). தங்கை ஞாயிறு சாயங்காலம் மகளுக்கு ஒரு போட்டோ அனுப்புவாள். கொல்லையில் முருங்கை பூத்தது, கோழி அடைகாத்தது, அப்பா புதுச் செருப்பு வாங்கினது. கீழே, 'சாப்பிட்டியா'. மூன்று வருஷம் பதிலில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. "அம்மா, வந்தா திட்டுவியா?" கழுத்தில் செயின் இல்லை. உடம்பு பாதியாயிருந்தது. தங்கை, "வந்துட்டியாட்டி" என்று மட்டும் சொல்லி இட்லிப் பானையை அடுப்பில் வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவளை ஆலயத்துக்குக் கூட்டிப் போனது நான் செய்த தப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எந்த ஆலயம், யார் ஐயர் என்று சொல்லப்போவதில்லை. அவர் பிரசங்கத்தின் நடுவில் பாடத்தை விட்டுவிட்டு, நாய் தான் கக்கினதைத் தின்னத் திரும்பும் என்ற வசனத்துக்குப் போனார், கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே. வெளியே வந்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்து, "அங்க என்னெல்லாம் நடந்துச்சு? அடுத்த வாரம் சாட்சி சொல்லும்மா" என்றார்கள். மூன்று வருஷமாக மனசைத் திறந்து நோட்டில் எழுதிக் காட்டி நொந்துபோன பிள்ளை அவள். இரண்டு வருஷமாகிறது, எந்த ஆலயத்துக்கும் வருவதில்லை. வேதம் மட்டும் வாசிக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகையால் என் விண்ணப்பம். வாலிபப் பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்குகிற திடப்படுத்தல் வகுப்பில் நான்கு வாரமாவது கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே சரிதானா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள். உங்கள் பிரசங்கத்தையே எடுத்து அவர்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். சேகரக் கணக்கைக் கேட்காமலே ஆலயத்தில் வாசியுங்கள். சொந்தச் சபையில் கணக்குக் கேட்டுப் பழகாதவன் எங்கேயும் கேட்க மாட்டான்.

வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் போகிற பிள்ளைகளின் பெயரையும் போன் நம்பரையும், அவர்கள் சம்மதத்தோடு, அந்த ஊர் ஆயருக்கு எழுதுங்கள். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஞாயிறு மாலையில் ஒரு ஆராதனை வைக்க முடியுமா என்று நகரத்துச் சபைகளைக் கேளுங்கள். ரசம் கொண்டுபோய்க் கொடுக்க வேதசாஸ்திரப் பட்டம் எதற்கு? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னால் நாங்கள் செய்வோம்.

பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறார்கள், மருத்துவம் மறுக்கிறார்கள், தொடக்கூடாத விதத்தில் தொட்டார்கள் என்று தெரிந்தால், 'ஜெபத்தில் வைப்போம்' என்று மூடாதீர்கள். சிறு பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அன்றைக்கே போன் பண்ணுங்கள், போலீசுக்குப் போங்கள். அது நம்முடைய சபையில் நடந்தாலும் இதுதான்.

கடைசியாக ஒன்று. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு இந்த முறை என் தங்கை மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆராதனைக்கு இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும். கறியும் சாம்பாரும் பரிமாறுகிற வரிசையில் என் பக்கத்தில் உட்காருவாள். ஐயர் அந்தப் பக்கம் வந்தால், எங்கே போயிருந்தாய் என்று கேட்காமல், தலையில் கைவைத்து ஜெபிக்காமல், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி